ரெண்டு மாடி ஏற முடியுமா?

1/ சென்ட்ரல் முன்னாடி பூந்தமல்லி ஹைரோட்டைக் குறுக்கால கடக்குறவங்களைத் திட்டி வாரத்துக்கு ஒரு பதிவாவது கண்ணுல படுது. "கீழ சப்வே இருக்கு, மெட்ரோ இருக்கு, அப்புறம் ஏன் ரோட்டுல ஓடுறாங்க?" அரசு மருத்துவரா என் பதில் இந்த இழையில.

2/ ரோட்டுக்கு வடக்கே சென்ட்ரல் ரயில் நிலையம். தெற்கே பார்க் ஸ்டேஷனும் ஜிஹெச்சும். அடியில 2018ல திறந்த மெட்ரோ நிலையம். அதாவது, ரயில்ல வந்து இறங்குற நோயாளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல இருக்குறது ஒரே ஒரு ரோடு.

3/ மெட்ரோ வந்தது ரொம்ப நல்லது. ஏர்போர்ட் பக்கமிருந்தோ கோயம்பேட்டுல இருந்தோ ஏறினா, வெயில் படாம ஆஸ்பத்திரி பக்கத்துலயே இறங்கலாம். லிஃப்ட் இருக்கு. அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல.

4/ ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருத்துவர் கேக்குற ஒரு கேள்வி உண்டு: "மூச்சு வாங்காம ரெண்டு மாடி ஏறுவீங்களா?" அதுக்கு ஏறக்குறைய 4 மெட் சக்தி வேணும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகுறதைப் போல நாலு மடங்கு. முடியாதுன்னு சொன்னா கூடுதல் கவனம் எடுப்போம்.

5/ அந்த டெஸ்ட்டைத்தான் ஆஸ்பத்திரி வாசல்லயே படிக்கட்டா கட்டி வச்சிருக்கோம். அங்க வர்றது யாரு? இதயம் பலவீனமானவங்க, மூட்டு தேஞ்ச பாட்டி, ரத்தம் 6 கிராம்ல நிக்குற கர்ப்பிணி, சிஓபிடி இருக்குற தாத்தா. இறங்கி ஏறுறதை விட ரோட்டுல ஓடுறதே மேல்னு அவங்க நினைச்சா, அது திமிரு கிடையாதுங்க. உடம்பு போடுற கணக்கு.

6/ "சரி, சிக்னல்ல கடக்கட்டும்." கடக்கலாம், நேரம் கொடுத்தா. சிக்னலுக்கு வழக்கமா எடுத்துக்குற நடை வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். 24 மீட்டர் அகல ரோடுன்னா 20 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்குற இதய நோயாளிக்கு அதே தூரம் 30 நொடி. அந்த 10 நொடி அவர் நடுரோட்டுல நிப்பாரு.

7/ இன்னொண்ணு. மெட்ரோ ராத்திரி 11 மணிவாக்குல ஓய்ஞ்சிடும். கேஷுவாலிட்டிக்கு அப்படி ஒரு நேரமே கிடையாது. ரயில் விடியக்காலை 4 மணிக்கும் வரும்.

8/ "டிராஃபிக் நின்னுடுமே?" நிக்கும், அரை நிமிஷம். இன்ஜின் வச்ச வண்டி சமதளத்துல போகுது, நுரையீரல் கெட்டுப்போனவர் பள்ளத்துல இறங்கி மேடேறணும். யார் காத்திருக்கணும்னு நீங்களே சொல்லுங்க.

9/ கேக்குறது மூணுதான்:
• நிதானமா நடக்குறவங்களுக்கும் போதுற சிக்னல் நேரத்தோட, தரைமட்டத்துலயே கடக்க வழி.
• ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் 24 மணி நேரமும் ஓடுற லிஃப்ட்.
• அந்த லிஃப்ட் எங்க இருக்குன்னு தமிழ், தெலுங்குல பெரிய எழுத்துல போர்டு. ஆந்திராவுல இருந்தும் நிறைய பேர் வர்றாங்க.

10/ ஆயிரக்கணக்கான கோடி செலவு பண்ணி பூமியைக் குடைஞ்ச ஊருக்கு இது பெரிய வேலையே இல்ல. அடுத்த முறை யாராச்சும் தடுப்பைத் தாண்டுறதைப் பார்த்தா, திட்டுறதுக்கு முன்னாடி அவங்க கையில ஓபி சீட்டு இருக்கான்னு பாருங்க.