பேட்டரி டவுனா? உருட்டாதீங்க அண்ணே!

போடிக்காரங்களுக்குன்னு ஒரு பெருமை உண்டு. வண்டியில செல்ஃப் எடுக்கலைன்னா மெக்கானிக்கைத் தேட மாட்டோம். "மலைதானே, உருட்டி விடு, தானா ஸ்டார்ட் ஆகும்"னு சொல்லிட்டு ஏறி உக்காந்துருவோம். போன மார்கழி வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான். இப்ப கட்சி மாறிட்டேன். ஏன்னு சொல்றேன், கேளுங்க.

மாமாவோட பழைய கார்ல போடிமெட்டுக்குப் போயிருந்தோம். முந்தல் தாண்டினதுமே மூடுபனி. பகல்லயே ஹெட்லைட் போட்டுத்தான் 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறினோம். மேல போய் சொந்தக்காரங்க வீட்டுல சாப்பிட்டு, ஊர்க்கதை பேசி முடிக்க ரெண்டு மணி நேரம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினா 'டிக்... டிக்...'. அவ்வளவுதான். லைட்டை அணைக்காமப் போயிருக்கோம்!

(பி.காம் படிக்கிற பையன்ங்கறதால கணக்கு போட்டே ஆகணும். ரெண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். சின்ன கார் பேட்டரி புதுசா இருந்தாலே 35 ஆம்பியர்-மணிதான். வயசான பேட்டரி ரெண்டு மணி நேரத்துல காலியானதுல ஆச்சரியமே இல்ல.)

உடனே கூட்டம் கூடிருச்சு. ஒருத்தர், "கீழ்தானே போறீங்க, நியூட்ரல்ல உருட்டி ரெண்டாவது கியர்ல கிளட்சை விடுங்க"ன்னார். அங்க நின்ன லாரி டிரைவர், "என் பேட்டரியில ஒயரைக் கொடுத்து எடுத்துக்கோங்க"ன்னு நல்ல மனசோட வந்தார். ரெண்டுமே மாமாவுக்குச் சரின்னு பட்டுது. அப்பதான் தோட்டத்து ஜீப் ஓட்டுற ஒரு பெரியவர், "ரெண்டும் வேணாம் தம்பி"ன்னு சொல்லிட்டு சீட்டுக்கு அடியில இருந்து ஜம்பர் கேபிளை எடுத்தார். பத்து நிமிஷத்துல கார் ஓடுச்சு.

ரெண்டும் ஏன் வேணாம்? வீட்டுக்கு வந்து படிச்சுப் பார்த்தேன்.

முதல்ல லாரி. கார், ஜீப் பேட்டரி 12 வோல்ட். உள்ள ஆறு செல், ஒவ்வொண்ணும் ரெண்டு வோல்ட். பெரிய லாரியிலும் பஸ்லயும் பெரும்பாலும் ரெண்டு பேட்டரியை வரிசையா கோத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பாங்க. அதைக் கார்ல கொடுத்தா பேட்டரி வெடிக்கலாம். இல்லைன்னா இன்ஜினை இயக்குற கம்ப்யூட்டர் பெட்டி போயிரும்.

அடுத்து உருட்டுறது. சமதளத்துல பழைய டீசல் ஜீப்பைத் தள்ளி ஸ்டார்ட் பண்றதை நான் தப்பு சொல்லல. ஆனா மலை இறக்கத்துல இன்ஜின் ஓடாம உருட்டுறது வேற கதை. பிரேக்கை லேசா மிதிச்சாலே பிடிக்குதே, அதுக்குக் காரணம் இன்ஜின் ஓடும்போது உண்டாகுற வெற்றிடம். இன்ஜின் நின்னா மிச்சம் இருக்குற வெற்றிடம் ரெண்டு மூணு மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிரும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். பதட்டத்துல சாவியை உருவிட்டா ஸ்டியரிங்கே பூட்டிக்கும். கிளட்சை விட்டும் இன்ஜின் பிடிக்கலைன்னா அடுத்த வளைவுல என்ன செய்வீங்க?

சரி, பெரியவர் செஞ்ச முறை இதுதான். மனசுல பதிய வெச்சுக்கோங்க.

ரெண்டு வண்டியும் ஒண்ணை ஒண்ணு தொடாம நிக்கணும். ரெண்டுலயும் ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல்ல வெச்சு, சாவியை ஆஃப் பண்ணணும். பேட்டரி விரிசல் விட்டிருந்தா, ஆசிட் கசிஞ்சிருந்தா கிட்டயே போகாதீங்க.

1. சிவப்பு கிளிப் ஒண்ணை டவுன் ஆன பேட்டரியோட பிளஸ்ல மாட்டணும்.
2. சிவப்போட மறுமுனையை நல்ல பேட்டரியோட பிளஸ்ல மாட்டணும்.
3. கருப்பு கிளிப் ஒண்ணை நல்ல பேட்டரியோட மைனஸ்ல மாட்டணும்.
4. கருப்போட மறுமுனையை டவுன் ஆன பேட்டரியில மாட்டக் கூடாது! அந்த வண்டி இன்ஜின்லயே பெயின்ட் இல்லாத இரும்புல, பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டணும்.

அப்புறம் நல்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணி நாலஞ்சு நிமிஷம் ஓட விடணும். அதுக்குப் பிறகு மத்த வண்டியை ஸ்டார்ட் பண்ணணும். ஓடினதும் மாட்டின வரிசைக்கு நேர் தலைகீழா கழட்டணும். கடைசியில மாட்டின கருப்பு முதல்ல வரும்.

நாலாவது படிதான் உயிர். நம்மாளுங்க பத்துல ஒன்பது பேர் நேரா பேட்டரி மைனஸ்லதான் மாட்டுவாங்க. கடைசி கிளிப் தொடும்போது பொறி பறக்கும். பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காத்துல அது 4 சதவீதம் கலந்திருந்தாலே பொறி பட்டா பத்திக்கும். வெடிச்சா சிதறுறது கந்தக அமிலம், குனிஞ்சு பார்க்குறது நம்ம முகம். கண்ணுல பட்டா உடனே நிறைய தண்ணி ஊத்திக் கழுவிக்கிட்டே இருக்கணும், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். போடிமெட்டுல இருந்து போடிக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல, அதுவும் அந்த வளைவுகள்ல.

பேரேட்டுல டெபிட் கிரெடிட் மாறிப்போனா ராத்திரி உக்காந்து திருத்திக்கலாம். பிளஸ் மைனஸ் மாறினா திருத்த நேரம் கிடைக்காது.

இதை ஏன் இவ்வளவு பெருசா எழுதுறேன்? எங்க கார்ல இருந்தது மூணே பேர். ஆனா தினமும் விடியக்காலையில போடி, தேவாரம், கம்பம் பக்கத்துல இருந்து ஜீப் ஜீப்பா பெண்கள் ஏலத்தோட்டத்துக்குப் போறாங்க. நெருக்கியடிச்சு உக்காந்து, மடியில தூக்குவாளியோட. சாயங்காலம் அதே ஜீப்ல இறங்கி வர்றாங்க. மலைக்குளிர்ல பேட்டரி மந்தமாகும், பழைய ஜீப் மக்கர் பண்ணும். உருட்டலாமா வேணாமான்னு முடிவெடுக்குறது டிரைவர். பின்னால இருக்குறவங்களை யாரும் கேக்குறதில்ல.

டிரைவர் அண்ணன்களையும் முழுசா குறை சொல்ல முடியாது. காலையில ஜீப் போகலைன்னா அத்தனை பேருக்கும் அன்னைக்குக் காய் எடுப்புக் கூலி போச்சு. அந்த அவசரம்தான் உருட்டச் சொல்லுது. "முப்பது வருஷமா இப்படித்தான் ஓட்டுறோம், ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றவங்களுக்கு என் பதில் ஒண்ணுதான். வராக்கடன் வந்த பிறகு யாரும் ஒதுக்கீடு எழுதுறதில்ல, முன்னாடியே எழுதி வெப்பாங்க. நல்ல கேபிள் ஒண்ணு வாங்க ஒரு தொழிலாளியோட ரெண்டு மூணு நாள் கூலிப் பணம் போதும். அதை வாங்க வேண்டியது டிரைவர் இல்ல, ஜீப் முதலாளியும் தோட்ட முதலாளியும். ஒரு மூட்டை ஏலக்காய் விலைக்கு எத்தனை கேபிள் வரும்னு அவங்களுக்கே தெரியும்.

டிரைவிங் ஸ்கூல்களுக்கும் ஒரு வேண்டுகோள். எட்டு போடச் சொல்லித் தர்றீங்க, சந்தோஷம். அதோட ஒரே ஒரு நாள் பானெட்டைத் திறந்து இந்த நாலு கிளிப்பையும் மாட்டிக் காட்டுங்க. மலையடிவாரத்து ஊர்ல லைசென்ஸ் வாங்குறவனுக்கு இது எட்டை விட அதிகம் உதவும்.

மாமா மறுநாளே கேபிள் வாங்கிட்டார். மெல்லிசா, விலை கம்மியா இருந்ததை எடுக்கப் போனவரைத் தடுத்து, தடிமனானதை வாங்க வெச்சேன். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும், மெல்லிசு ஒயர் சூடாகி உருகிரும். "பி.காம்ல இதெல்லாமாடா சொல்லித் தர்றாங்க?"ன்னு கேட்டார்.

இல்ல மாமா. போடிமெட்டுல ஒரு ஜீப்கார பெரியவர் சொல்லித் தந்தார்.