வதந்திக்குத் துணை போகலாமா?

2018 ஜூலை 1 அன்று, மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டம் ரெயின்பாடா கிராமத்தில், பிச்சை கேட்டு வந்த நாடோடிகள் ஐவரைக் கூட்டம் அடித்தே கொன்றது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யே காரணம். அவர்கள் செய்த குற்றம், வெளியூராராய் இருந்ததுதான்!

அந்தப் பழியின் வேதனை மும்பைத் தமிழருக்குத் தெரியாததா? 1960களின் இறுதியில் தென்னிந்தியர் மீது வெறுப்பு மூட்டப்பட்டபோது அடி வாங்கியவர்களில் அவர்களும் உண்டு. 1992-93 கலவரங்களில் சுமார் 900 பேர் மாண்டனர், தாராவியும் தப்பவில்லை. அதன்பின் பல மதத்தினரும் போலீசாரும் சேர்ந்த மொஹல்லா கமிட்டிகள், வதந்தி கிளம்பினால் நேரில் விசாரித்து உண்மையை எடுத்துச் சொல்லின.

அவ்வழியே இன்றும் நல்வழி. தாராவியோ செம்பூரோ, கைபேசிக்கு வரும் ஆத்திரமூட்டும் செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன் உண்மையை விசாரிப்பதே விவேகம். பொய்யைப் பரப்பும் விரலும் கல்லெறியும் கையும் ஒன்றே!