நெஞ்சுக்குள்ளே ஒரு ஏர்-ஹாரன்!

சேலம் டு நாமக்கல் பஸ். மல்லூர் தாண்டியதும் நெஞ்சு படபட... கை ஜில்... மூச்சு முட்டுகிறது. 'முடிஞ்சுது கதை!' என்று பாதியில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர், "இதயம் ஜோரா இருக்கு, ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்க" என்றார். "நான் என்ன பைத்தியமா?" என்று வீம்பாக இரண்டு மாதம் பஸ் பக்கமே போகவில்லை. பயம்தான் குண்டானது!

கடைசியில் போனேன். "பி.காமா? வராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவீங்க?" என்றார் ஆலோசகர்.

"அஞ்சு பர்சென்ட் சார்."

"வாழ்க்கைக்கு மட்டும் ஏன் நூறு பர்சென்ட்?"

மாட்டிக்கொண்டேன்!

ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறதாம். எனக்கோ, எதிரே வண்டியே இல்லாமல் லாரி ஹாரன் அலறுகிறது. படபடப்பு நிஜம்; ஆபத்துதான் பொய்.

வைத்தியம்? முதல் வாரம் கொண்டலாம்பட்டி வரை பஸ். அப்புறம் மல்லூர். அப்புறம் ராசிபுரம். "பயம் வந்தா நீங்க இறங்காதீங்க. கொஞ்ச நேரத்துல அதுவே இறங்கிடும்" என்றார். இறங்கியது ஸார்!

நேரில் போகக் கூச்சமா? 14416-க்கு போன் போடுங்கள். 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' அரசு சேவை. ராத்திரி பகல் எந்நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

போன வாரம் நாமக்கல் பஸ்ஸில் பழைய படபடப்பு மறுபடி ஏறியது. "வாங்க, உட்காருங்க. டிக்கெட்டை மட்டும் நீங்களே எடுத்துக்குங்க" என்றேன்.

அடுத்த ஸ்டாப்பில் ஆளைக் காணோம்!