பங்குத் தந்தையும் பங்குச் சந்தையும்



"சாமி, பங்கு விஷயமாகத் தங்களைப் பார்க்க வந்தோம்" என்று ஒரு திங்கட்கிழமை காலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் துணைவியாரும் குருமனை வாசலில் வந்து நின்றனர். கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றியோ திருவிழா வரியைப் பற்றியோ பேச வந்திருப்பார்கள் என்று எண்ணி நாமும் நாற்காலியை இழுத்துப் போட்டோம். அவர்கள் கொணர்ந்த பங்கு வேறு. அது பங்குச் சந்தையின் பங்கு. ஆசிரியரின் முகம் வெளிறியிருந்தது. கைபேசியோ அம்மையாரின் முந்தானைக்குள் இருந்தது. அதைக் கணவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்ததாகப் பின்னர் அறிந்தோம்.

குருக்கள் வாணிபத்தில் ஈடுபடலாகாது என்பது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 286ஆம் எண். ஆதலால் இவ்வித்தையில் நமக்குப் பழக்கமில்லை. ஆயினும் துயரத்தோடு வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்கு அச்சட்டம் இடந்தரவில்லை. பெங்களூர்க் கணினி நிறுவனம் ஒன்றுக்கு மாரண்டஹள்ளியில் தம் வீட்டிலிருந்தே பணிபுரியும் நம் பங்கின் இளைஞர் ஒருவரை ஆளனுப்பி அழைத்தோம். இனி நாம் எழுதுவனவற்றில் பெரும்பகுதி அன்று அவர் அருகிலமர்ந்து விளக்கியதே.

நடந்தது இது. ஆசிரியர் ஓய்வூதியப் பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் 100 பங்குகளை வாங்கி வைத்திருந்தார். அவற்றுள் 30ஐ விற்று இளைய மகளின் செவிலியர் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்துவது, எஞ்சிய 70ஐ அவள் திருமணத்திற்கென வைத்திருப்பது என்பது குடும்பத்தின் முடிவு. காலை 9.15க்குச் சந்தை திறந்ததும், தரகு நிறுவனத்தின் வலைத்தளத்தில் 30 பங்குகளை விற்கும்படி ஆர்டர் கொடுத்தார். திரையில் ஒரு வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. பதிலில்லை. மீண்டும் அழுத்தினார். அப்பொழுதும் வட்டமே. மூன்றாம் முறையும் அழுத்தினார். பின்னர் பதறிப்போய், உதவி எண்ணை இணையத்தில் தேடி, முதலில் கண்ட எண்ணை அழைத்தார். மறுமுனையில் பேசியவன் மிக மரியாதையாகப் பேசினானாம். "ஐயா, ஒரு சிறு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், தங்கள் திரையை நானே பார்த்துச் சரிசெய்கிறேன், இப்போது வரும் ஓ.டி.பி. எண்ணை மட்டும் சொல்லுங்கள்" என்றானாம். அந்த இடத்தில்தான் அம்மையார் கைபேசியைப் பறித்தது.

இளைஞர் வந்தவுடன் முதலில் திறந்தது 'ஆர்டர்கள்' என்னும் பக்கத்தை. அங்கே மூன்று வரிகள் இருந்தன. முதல் 30 விற்றாயிற்று. இரண்டாவது 30ம் விற்றாயிற்று. மூன்றாவது, ஆசிரியர் குறித்த விலைக்குக் கீழே சந்தை இறங்கிவிட்டதால், விலைபோகாமல் காத்துக்கொண்டிருந்தது. அதை அக்கணமே ரத்து செய்தார். இல்லையேல் விலை சற்று ஏறியதும் அதுவும் போயிருக்கும். மகளின் திருமணத்திற்கென வைத்த 70இல் 10 பங்குகளே எஞ்சியிருக்கும்.

"பதிலே வரவில்லையே, எப்படி விற்றது?" என்பதுதான் ஆசிரியரின் கேள்வி. நமக்கும் அதே ஐயம். இளைஞர் கூறிய விளக்கம் எளிது. நம் கைபேசியிலிருந்து புறப்படும் ஆர்டர், முதலில் கைபேசிக் கோபுரத்திற்கும், அங்கிருந்து தரகரின் கணினிக்கும், அங்கிருந்து மும்பையிலுள்ள சந்தையின் கணினிக்கும் செல்கிறது. பதிலும் அதே வழியில் திரும்பி வரவேண்டும். போகும் வழியில் தடைபட்டாலும் வட்டம் சுழலும், வரும் வழியில் தடைபட்டாலும் வட்டம் சுழலும். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில், தாம் கேட்ட விலை ஏலக்காரர் காதில் விழவில்லை என்று எண்ணி மீண்டும் மீண்டும் குரல் கொடுப்பவர், தேவைக்கு மேலான பெட்டிகளுக்குச் சொந்தக்காரராவதைப் போன்றது இது. ஆகவே வட்டம் சுழலும்போது விரலைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, 'ஆர்டர்கள்' பக்கத்தைப் பார்க்கவேண்டும். அது திறக்கவில்லையெனில் வேறொரு கைபேசியிலோ கணினியிலோ நுழைந்து பார்க்கவேண்டும். அங்கே ஆர்டர் இல்லை என்பதைக் கண்ணால் கண்ட பிறகே மறுமுறை கொடுக்கவேண்டும்.

நிற்க. பழுது எவ்விடத்தது என்று கண்டறிவதற்கும் ஒரு முறையுண்டு. வேறு வலைத்தளங்களும் திறக்கவில்லையெனில் குற்றம் நம் இணைப்பில். வீட்டு வைஃபையை விட்டுக் கைபேசி இணைப்புக்கு மாறிப் பார்க்கலாம். மற்றவை யாவும் திறந்து தரகரின் தளம் மட்டும் முரண்டுபிடித்தால் குற்றம் அங்கே. ஆர்டர் மறுக்கப்பட்டிருந்தால், மறுத்த காரணம் அந்த வரியிலேயே எழுதியிருக்கும்; பங்கை டிமேட் கணக்கிலிருந்து எடுக்க நாம் அனுமதி தராததே பெரும்பாலும் அக்காரணம். உள்ளே நுழையும் ஆறு இலக்க எண்ணைத் தருகின்ற செயலியை வைத்திருப்போர்க்கு இன்னொரு தொல்லை: கைபேசியின் கடிகாரம் பிந்தியோ முந்தியோ ஓடினால் அவ்வெண் பொருந்தாது, ஏனெனில் அது நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. கடிகாரத்தைத் தானியங்கியாக வைத்துவிட்டால் அத்தொல்லை தீரும். பெரிய வெள்ளியன்று ஆர்டர் கொடுத்துப் பார்த்துக் கைபேசி பழுதென்று முடிவுகட்டிய அன்பர் ஒருவரையும் நாம் அறிவோம். அன்று சந்தைக்கே விடுமுறை. அவர் அந்நேரத்தில் எங்கிருந்திருக்கவேண்டும் என்பதை நாம் கூறவேண்டியதில்லை.

நம் பக்கம் யாவும் சரியாயிருந்தும் சந்தையே நின்றுபோவதும் உண்டு. 2021 பிப்ரவரி 24, தவக்காலத்தின் முதல் ஞாயிறை அடுத்த புதன்கிழமை. தேசியப் பங்குச் சந்தைக்குத் தொலைத்தொடர்பு இணைப்பு வழங்கும் இரு நிறுவனங்களின் தடங்களிலும் கோளாறு ஏற்பட்டு, காலை 11.40 மணியளவில் வணிகம் முற்றிலும் நின்றது. மும்பைப் பங்குச் சந்தை மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. தேசியச் சந்தை எப்பொழுது திறக்கும் என்பது தெரியாமையால், அன்றே வாங்கி அன்றே விற்போரின் கணக்குகளைப் பல தரகர்கள் மும்பைச் சந்தையில், கிடைத்த விலைக்கு முடித்துவிட்டனர். அதன் பின்னர், பிற்பகல் 3.45க்குத் தேசியச் சந்தை மீண்டும் திறந்து 5 மணிவரை நடைபெறும் என்ற அறிவிப்பு வந்தது. முடித்தவர் முடித்தவரே. இது குறித்த நடவடிக்கையைத் தேசியச் சந்தையும் அதன் தீர்வு நிறுவனமும் 2023இல் 72 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தி செபியிடம் சமரசம் செய்துகொண்டன. அன்றைய நட்டக்காரர்களுக்கு அதனால் என்ன கிட்டியது என்று கேட்டால் இளைஞர் சிரிக்கிறார்.

இத்தகைய பழுதில் முதலில் அடிபடுவோர் அன்றன்றே வாங்கி விற்போர். நம் பங்கு இளைஞர் சிலருக்கு அதில் நாட்டமிருப்பதை நாம் அறிவோம். 2022-23 நிதியாண்டில் பங்குகளை அவ்விதம் வாங்கி விற்ற தனிநபர்களில் 10 பேரில் 7 பேர் நட்டமடைந்தனர் என்று செபியின் ஆய்வு 2024இல் கூறியது. இது பழுதில்லாத நாட்களையும் சேர்த்த கணக்கு.

தரகரின் தளம் முழுவதுமாக முடங்கினால் பயன்படும் மாற்று வழி ஒன்றைச் சந்தைகள் 2023 அக்டோபரில் ஏற்படுத்தின. 'இர்ரா' என்பது அதன் சுருக்கப் பெயர். வாடிக்கையாளரின் கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் வரும் இணைப்பின் வழியே உள்ளே சென்று, காத்திருக்கும் ஆர்டர்களை ரத்து செய்யலாம், திறந்திருக்கும் கணக்கை முடிக்கலாம். புதிதாக வாங்க இயலாது. தரகரிடம் பதிந்துள்ள கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் நம்முடையனவாக இருந்தால்தான் இது நம்மை வந்தடையும். கணக்கைத் தொடங்கிக்கொடுத்த மகனின் எண்ணே பல வீடுகளில் பதிவாகியிருக்கிறது. மகன் ஓசூரில் இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருக்க, தந்தை இங்கே திரையை வெறித்துக்கொண்டிருப்பார்.

உதவி எண்ணை இணையத்தில் தேடவே வேண்டாம். ஒவ்வொரு வணிகத்திற்கும் பிறகு தரகர் அனுப்பும் ஒப்பந்தக் குறிப்பில் அவர்தம் தொலைபேசி எண் இருக்கும். அதை இன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். ஓ.டி.பி. கேட்பவன் எவனாயினும் தரகரின் ஆளல்லன். ஏமாந்து சொல்லிவிட்டால், சற்றும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். வெட்கப்பட்டு வீட்டாரிடம் மறைப்பதில் கழியும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கு ஆதாயம். தரகர்மீது குறையிருப்பின் முதலில் அவரிடமே எழுத்தில் தெரிவித்துப் புகார் எண் பெறவேண்டும். அதனால் தீராவிடில் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் பதியலாம். 21 நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்பது விதி. விளக்கம் கேட்க 1800 22 7575 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

ஆசிரியரும் தரகரிடம் எழுதினார். சில நாட்களில் பதில் வந்தது. மூன்று ஆர்டர்களும் அவருடைய கைபேசியிலிருந்தே, சில விநாடி இடைவெளியில் வந்தன. ஆதலால் ஈடுசெய்ய இயலாது என்று விவரமாக எழுதியிருந்தனர். கணக்கில் குறைகாண நம்மால் இயலவில்லை. ஆனால் அன்று காலை தளம் மந்தமாயிருந்ததைப் பற்றி ஒரு சொல்லும் அப்பதிலில் இல்லாதது நமக்கு உறுத்தலாகவே உள்ளது. ஆசிரியர் இதற்குமேல் வழக்காட விரும்பவில்லை. தவறி விற்ற 30ஐ இரண்டு நாள் கழித்துச் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டார்; விலை வேறுபாடும் தரகும் வரியும் சேர்ந்து அவருடைய கைப்பணத்தில் ஒரு பகுதியை விழுங்கின.

கட்டணத்திற்கு இறுதி நாள் அந்த வாரத்துப் புதன்கிழமை. விற்ற பணம் பொதுவாக மறு வணிக நாளில்தான் தரகரிடமுள்ள கணக்கில் சேரும். அங்கிருந்து வங்கிக்கு வருவதற்கு மேலும் நேரமாகும். பணம் புதன் மதியம்தான் வங்கிக்கு வந்தது. அதுவரை அம்மையார் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாராம். அடுத்த ஆண்டுக் கட்டணத்திற்கு ஒரு மாதம் முன்னரே விற்பதென்றும், ஆர்டர் கொடுக்கும் வேளையில் தாம் அருகில் இருப்பதென்றும் அவர் தீர்மானித்திருக்கிறார். கைபேசி இப்பொழுது பகலில் அவரிடமே இருக்கிறது.