வவுச்சர் எங்கே?

ஆன்லைன் ஏலத்தில் ரொம்பவும் மானம் போன வார்த்தை எது என்று கேட்டால், 'ஒரிஜினல்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அடுத்த இடம் 'அபூர்வம்'. ஒரு கோடிக்கு மேல் விற்ற கமோடோர் 64 கம்ப்யூட்டரைக்கூட 'மிக அபூர்வம்' என்று போட்டு விற்கிறார்கள். இந்த இரண்டையும் நம்பிப் பணம் கட்ட ஆட்களும் இருக்கிறார்கள்.

பழைய கம்ப்யூட்டருக்கு இவ்வளவு கிராக்கியா? ஆமாம். 1976-ல் ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்து, ஸ்டீவ் ஜாப்ஸ் விற்ற ஆப்பிள்-1 சுமார் 200 தான் செய்யப்பட்டது. விலை 666.66 டாலர். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது, மூடி வைக்கப் பெட்டிகூடக் கிடையாது. வெறும் சர்க்யூட் போர்டு. அதில் ஒன்றை 2014-ல் நியூயார்க் போன்ஹாம்ஸ் ஏலத்தில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலர் கொடுத்து வாங்கியது. இவ்வளவு பணம் புரளுகிற இடத்துக்கு டூப்ளிகேட் வராமல் இருக்குமா?

இத்தனைக்கும் ஆப்பிள்-1 கூடவே வந்த கையேட்டில் சர்க்யூட் படம் முழுசாக இருந்தது. அதை வைத்து ஆர்வலர்கள் அச்சு அசலாக நகல் போர்டு செய்கிறார்கள். அதில் தப்பே இல்லை. நகல் என்று சொல்லி விற்கும்வரை அது நாணயமான சரக்கு. இரண்டு கை மாறிய பிறகுதான் 'நகல்' என்ற வார்த்தை மட்டும் வழியில் தொலைந்துபோகிறது.

"சிப்பைப் பாருங்க சார், தேதியே போட்டிருக்கு!" என்பார்கள். போட்டிருக்கிறது, வாஸ்தவம். 7625 என்றால் 1976-ம் வருடம் 25-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். ஆப்பிள்-1 போர்டில் 78 என்று தொடங்கும் சிப் இருந்தால், பிற்பாடு மாற்றியது என்று சொல்லிவிடலாம். ஆனால், எல்லா சிப்பும் 76 என்பதாலேயே போர்டு அசல் ஆகிவிடாது. அந்தக் காலத்துச் சிப்புகளைத் தேடிப் பிடித்து, போன மாதம் செய்த போர்டில் செருக முடியும். தேதி சிப்புக்குத்தான் சாட்சி. போர்டுக்கு அல்ல.

சிப்பையும் நம்ப முடியாது. கமோடோர் 64-ல் ஒலி எழுப்பும் 'சிட்' சிப்புக்கு இசைக்காரர்களிடம் தனி மவுசு. வேறு ஏதோ மலிவு சிப்பின் முதுகைத் தேய்த்து, புது எண் அச்சடித்து, 'சிட்' என்று விற்கிற வியாபாரமும் நடக்கிறது. மஞ்சளாகிப்போன பழைய பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்ஸைடு பூசி வெயிலில் காயவைத்து வெளுப்பாக்கலாம். வெளுப்பது குற்றமில்லை. வெளுத்ததை மறைத்து, 'அப்படியே இருந்தது' என்று சொல்வதுதான் குற்றம்.

'டெஸ்ட் செய்யவில்லை' என்று ஒரு வரி போடுவார்கள். நியாயமான காரணம் உண்டு. பல வருடம் தூங்கிய மெஷினுக்குத் திடீரென மின்சாரம் கொடுத்தால், பழைய கெப்பாசிட்டர் வெடித்து மற்றதையும் கெடுக்கலாம். ஆனால், மூடியைத் திறந்து உள்ளே நாலு போட்டோ எடுத்துப் போட மின்சாரம் எதற்கு? ஸ்க்ரூ டிரைவர் போதுமே!

இதையெல்லாம் கேட்டால் ரெடிமேடாக ஒரு பதில்: "வாங்கறவர்தான் பார்த்து வாங்கணும்." பி.காம். படித்தபோது எங்களுக்கும் இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தார்கள். கூடவே இன்னொரு விதியையும் சொல்லிக்கொடுத்தார்கள். விவரத்தை நம்பி வாங்கும் சரக்கு, அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். இது இங்கிலாந்தின் 1893 சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதையொட்டி எழுதிய நமது 1930 சட்டத்திலும் இருக்கிறது. ஆன்லைன் ஏலத்தில் வாங்குபவர் சரக்கைத் தொட்டுப் பார்க்க முடியாது. விவரம் மட்டும்தான் அவருக்குக் கண். அந்தக் கண்ணைக் கட்டிவிட்டு, 'பார்த்து வாங்கு' என்பது என்ன நியாயம்?

சொன்ன மாதிரி சரக்கு இல்லையென்றால் பணம் திரும்ப உண்டு என்கிறது ஈபே. நல்ல விஷயம்தான். ஆனால், சரக்கு வந்த 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். முதுகு தேய்த்த சிப்பின் வண்டவாளம் மூன்று வருடம் கழித்துத் தெரியவந்தால்?

வழி இல்லாமல் இல்லை. இன்றைக்கு மிஞ்சியிருக்கும் ஆப்பிள்-1 போர்டுகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஆர்வலர்கள் பதிவேடு வைத்திருக்கிறார்கள். சால்டர் வைத்த விதம், சிப் இருக்கும் இடம், கீறல் எல்லாம் கிட்டத்தட்டக் கைரேகை மாதிரி. பதிவேட்டில் இல்லாத போர்டு திடீரென முளைத்தால், முதல் கேள்வி, 'இத்தனை நாள் எங்கே இருந்தாய்?' என்பதுதான். ஆடிட்டர் கேட்கும் அதே கேள்வி. வவுச்சர் எங்கே?

சம்பளமில்லாத ஆர்வலர்களால் இது முடிகிறது. ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் வாங்குபவர்களால் ஏன் முடியாது? முதலில் வாங்கிய ரசீது, கை மாறிய வரலாறு, மாற்றிய பாகங்களின் பட்டியல், உள்பக்கப் படங்கள். இவை இல்லாத சரக்குக்கு 'ஒரிஜினல்' என்ற வார்த்தையைப் பயன்படுத்தத் தடை போடட்டும். 'தெரியாது' என்று விற்கட்டும். அது கௌரவமான வார்த்தை. விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஏமாந்தவன் பணக்காரன்தானே, நமக்கென்ன என்று விடவும் முடியாது. இந்த மெஷின்கள்தான் நாளைக்கு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரப் போகின்றன. மறைத்து மாற்றிய ஒவ்வொரு சிப்பும் சரித்திரத்தில் செருகிய பொய்க் கணக்கு. பணத்தில் ஏமாந்தவன் அடுத்த வருடம் சம்பாதித்துக்கொள்வான். கண்ணாடிக்கு வெளியே நின்று, '1976-ல் இப்படித்தான் செய்தார்களா!' என்று வாய்பிளக்கும் குழந்தைக்கு யார் நஷ்டஈடு கொடுப்பது?