டெண்டரில் எழுதுங்கள்

தி.நகர் பாண்டி பஜாரில் துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாண்டியன் யார் என்று தெரியும்? பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். மாநாட்டுத் தலைமையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது அவர் பஸ் முதலாளிகளுக்குப் போட்ட உத்தரவு.

அன்றைக்கு பஸ்கள் தனியார் கையில் இருந்தன. தாழ்த்தப்பட்டவர்கள் காசை நீட்டினாலும் பல பஸ்களில் ஏற்ற மாட்டார்கள். சௌந்தரபாண்டியன் முதலாளிகளைக் கூப்பிட்டு சமத்துவம் பற்றி உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து என்று சொல்லிவிட்டார். முதலாளிகளின் மனசு மாற எத்தனை தலைமுறை ஆகுமோ, லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் உடனே வந்துவிடும்.

அந்தப் பழைய ஜில்லாவிலிருந்து பிரிந்ததுதான் விருதுநகர் மாவட்டம். 1997-இல் அங்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அவர் பிறந்த சாதியைக் காரணம் காட்டி, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றது ஒரு கூட்டம். கலவரம் வெடித்து உயிர்களும் போயின. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டது. சேரன், பாண்டியன், பல்லவன் என்று நாம் கூப்பிட்டுப் பழகிய பெயர்களும் அதோடு போயின. ஜில்லா போர்டு காட்டிய துணிச்சலை கோட்டை காட்டவில்லை.

இன்றைக்கு எந்தக் கண்டக்டரும் யாரையும் பார்த்து 'ஏறாதே' என்று சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை, பஸ்ஸின் உயரமே சொல்லிவிடுகிறது. வழக்கமான நகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்றடி. தாழ்தளப் பேருந்தில் அது 400 மில்லிமீட்டர்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 41-வது பிரிவு, போக்குவரத்து அவர்களுக்கும் எட்ட வேண்டும் என்கிறது. இருந்தும் சென்னையில் தாழ்தள பஸ் கேட்டு ஐகோர்ட்டில் வருஷக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. சாலை சரியில்லை, மழைத்தண்ணீர் தேங்குகிறது, விலை அதிகம் என்று அரசுத் தரப்பில் காரணம் அடுக்கினார்கள். சாலை போட வேண்டியவர்களே சாலை சரியில்லை என்று கோர்ட்டில் சொன்னால் பயணி யாரிடம் போய் முறையிடுவது?

2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பிறகு திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் துணையாளுக்கும் அந்தச் சலுகை கிடைத்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சக்கர நாற்காலிக்காரருக்கு டிக்கெட் இலவசம், தளம் மட்டும் மூன்றடி உயரத்தில்! ஏற முடியாத பஸ்ஸில் என்ன சலுகை?

வழக்காடிய பிறகு, 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தள பஸ்கள் சென்னை ரோட்டுக்கு வந்தன. ஸ்டாப்பில் நின்றதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுக்கும். வாசலில் மடக்கிய பலகையைப் பிரித்துப் போட்டால் நாற்காலி உருண்டு ஏறிவிடும். பஸ் நடைபாதையை ஒட்டி நின்றால்தான் இதெல்லாம் நடக்கும். ஸ்டாப்புக்கு முன்னால் ஷேர் ஆட்டோ வரிசை, அதற்குப் பக்கத்தில் பைக்குகள், அவற்றைத் தாண்டி நடுரோட்டில் பஸ். பலகையை எங்கே போடுவது? கைத்தடி ஊன்றி நிற்கும் தாத்தாவும், இடுப்பில் குழந்தையோடு நிற்கும் அம்மாவும் ஓடிப்போய்த்தான் ஏற வேண்டியிருக்கிறது. பஸ்ஸை ஒரு துறை வாங்குகிறது, ஸ்டாப்பை இன்னொரு துறை கட்டுகிறது, ஆக்கிரமிப்பை அகற்றுவது மூன்றாவது துறை. பயணிக்கோ வேண்டியது ஒரே ஒரு பயணம்.

ஆகவே போக்குவரத்துத் துறைக்கு ஒரு விண்ணப்பம். மேடையில் சமூகநீதி பேசுவது இருக்கட்டும், அதை டெண்டரில் எழுதுங்கள். தளத்தின் உயரம், சாய்பலகை, பார்வையற்றவருக்கு அடுத்த ஸ்டாப்பைச் சொல்லும் ஒலிபெருக்கி, எல்லாவற்றையும் கட்டாய நிபந்தனையாக்குங்கள். நிபந்தனையை மீறும் கம்பெனியின் பஸ்ஸைத் திருப்பி அனுப்புங்கள். பஸ்ஸை வாங்கும்போதே அது நிற்கப்போகும் ஸ்டாப்புக்கும் பணம் ஒதுக்குங்கள். வழித்தடம் போடும் கூட்டத்தில் அந்த பஸ்ஸில் ஏற முடியாமல் நிற்கிறவர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள். ஒருமுறை வாங்கிய பஸ் பல வருஷம் ஓடும். இன்று தப்பாக வாங்கினால், அத்தனை வருஷமும் அவர்கள் ஸ்டாப்பிலேயே நிற்க வேண்டியதுதான்.