வடசென்னைன்னா வெட்டுக்குத்து மட்டும்தானா?

தமிழ் சினிமாவில் ஒருவன் காசிமேட்டிலோ ராயபுரத்திலோ பிறந்துவிட்டால் போதும், கையில் ஒரு கத்தியைக் கொடுத்துவிடுவார்கள். கழுத்தில் கர்ச்சீப், வாயில் பான்பராக், நடுநடுவே ‘இன்னாபா’, ‘கய்தே’ என்று ரெண்டு வசனம். அவ்வளவுதான், கேரக்டர் ரெடி!

படம்தானே, விட்டுத் தள்ளு என்று சொல்லிவிடலாம். ஆனால் திருவொற்றியூரிலிருந்து வேலை தேடியோ வாடகைக்கு வீடு தேடியோ தெற்கே போகிறவர்களிடம் “எந்த ஏரியா?” என்று கேட்டுவிட்டு ஒரு கணம் யோசிக்கிறார்களே, அந்த யோசனையை ஊட்டி வளர்த்ததில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் பிடிக்காதவை. 2019ல் வந்த ‘பிகில்’. விஜய்யின் ராயப்பன் வேஷத்துக்கு தியேட்டரில் விசில் பறந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குப்பம் அங்கே இருப்பதே ஹீரோ ஸ்லோமோஷனில் நடந்து வருவதற்குத்தான். 2007ல் வந்த ‘பொல்லாதவன்’ விறுவிறுப்பான படம், மறுப்பதற்கில்லை. ஆனால் அது பைக்கைத் தொலைத்த நடுத்தர வர்க்கப் பையனின் கதை. தாதாக்களின் உலகத்தை அவன் கண் வழியாக, வெளியே நின்றுதான் பார்க்க முடிகிறது.

அதே வெற்றிமாறன் 2018ல் ‘வடசென்னை’ எடுத்தபோது உள்ளே போய்ப் பார்த்தார். ரோடு போடுகிறேன் என்று மீனவர் குடியிருப்பைக் காலி செய்யப் பார்ப்பவர்களை எதிர்த்து நிற்கிறான் அமீர் நடித்த ராஜன். அங்கே கத்திக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. கேரம் போர்டு, சிறைக்குள் நடக்கும் அரசியல், ஆண்ட்ரியாவின் சந்திரா... எல்லாமே பிரமாதம். குறை என்னவென்றால், வலை பின்னுகிறவரும் மீன் ஏலம் விடுகிறவரும் ஓரத்தில்கூட சரியாக வருவதில்லை.

பா.ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) ஒரு படி மேல். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, ஐ.டி. கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஹீரோ, புட்பால், ஒரு சுவருக்காக நடக்கும் சண்டை. அங்கே வாழ்கிறவர்கள் தங்களையே திரையில் பார்த்தார்கள். 2021ல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யில் கபிலன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். எமர்ஜென்சி காலத்து அரசியலும் குத்துச்சண்டையும் அழகாகப் பின்னியிருந்தன. இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவைதான். இருந்தாலும் பசுபதியின் ரங்கன் வாத்தியாருக்காகவும் டான்சிங் ரோஸுக்காகவும் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சரி, இத்தனை வந்தாச்சே, இன்னும் என்ன வேண்டும்?

துறைமுகத் தொழிலாளியை மட்டுமே நம்பி 1954ல் ஹாலிவுட்டில் ‘ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்’ எடுத்தார்கள். எட்டு ஆஸ்கர் வாங்கியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. திருவொற்றியூரில் 1950களிலேயே என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய அந்தத் தலைமுறையைப் பற்றி சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு படம் உண்டா?

எண்ணூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி, கரை ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிவு முகத்துவாரத்தில் புகுந்து படகு, வலை எல்லாவற்றிலும் அப்பியது. அதே மாதக் கடைசியில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். இந்தக் கதையில் வில்லன் கையில் கத்தியே வேண்டாம்!

இதையெல்லாம் எடுத்தால் ஓடாது என்பார்கள் தயாரிப்பாளர்கள். ஒரு சுவரை வைத்து எடுத்த படமே ஓடியது. கத்தியைக் கொஞ்ச நாள் கீழே வைத்துவிட்டு, எண்ணூர் முகத்துவாரத்தில் கேமராவை வைத்துப் பாருங்கள். முதல் நாள் முதல் ஷோவுக்கு வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஆள் வரும்.